தொட்டி அத்தி: வேரைப் பார்த்து வளர்த்த அனுபவம்

தொட்டியில் அத்தி வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ரகத்தின் பெயரைத்தான். எது இனிப்பு, எதன் பழம் பெரிது, எது எளிதில் கிடைக்காது என்று. அத்தியையும் அதோடு வேறு சில அரிய பழமரங்களையும் பல வருடங்களாகத் தொட்டியிலேயே வைத்துப் பழம் பறித்து வருகிறேன். எனக்கு ரகம் இரண்டாவது கேள்விதான். வேருக்குக் காற்று கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. குச்சி வேர்விடுவதும், செடி தழைப்பதும், காய் உதிராமல் பழுப்பதும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன. தண்ணீர் ஊற்ற யாரும் மறப்பதில்லை. காற்றைப் பற்றி நினைப்பவர்கள்தான் குறைவு.

இங்கே அத்தி என்று நான் சொல்வது சீமை அத்தியை. தொட்டிக்கு இவ்வளவு ஒத்துவரும் பழமரத்தை நான் பார்த்ததில்லை. நிலத்தில் விட்டால் வேரை நாலாபக்கமும் ஓட்டி, கிளையும் இலையுமாகப் பெருத்துக்கொண்டே போகும். காய்ப்பு பின்தங்கிவிடும். வேருக்கு எல்லை போட்டால் இலைவளர்ச்சி அடங்கிக் காய்ப்பு முன்னால் வரும். நிலத்தில் வைப்பவர்களே கூடக் குழியின் நாலு பக்கமும் கல்பலகை புதைத்து வேரை அடக்குவது உண்டு. தொட்டி அந்த வேலையைத் தானாகச் செய்துவிடுகிறது.

குச்சி நட்டால் பிழைக்கும் குணமும் அத்திக்கு இயல்பிலேயே இருக்கிறது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னும் இடத்தில் கிடைத்த, சுமார் 11,400 ஆண்டுகள் பழமையான கரிந்த அத்திப் பழங்களைப் பற்றி 2006-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவை மகரந்தம் சேராமலே பழுத்த வகை, விதையால் பெருகியிருக்க முடியாது, மனிதர்கள் கிளையை வெட்டி நட்டுத்தான் வளர்த்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். காட்டு மரத்திலும் அப்படிப் பழம் வரலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும், கோதுமையும் பார்லியும் பயிராவதற்கு முன்பே யாரோ ஒருவர் அத்திக் குச்சியை மண்ணில் செருகியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, ரகத்துக்கு வருவோம். பெயரைவிட வகை முக்கியம். அத்திப் பழம் என்பது உள்பக்கமாகத் திரும்பிய பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அந்தச் சதைப்பைக்குள்ளேயே இருக்கின்றன. சில வகைகளில் மகரந்தம் சேராமலே பழம் முற்றிப் பழுக்கும். பிரவுன் டர்க்கி, செலஸ்ட், பிளாக் மிஷன், கடோட்டா, வயலட் டி போர்டோ எல்லாம் இந்தப் பொது வகை. ஸ்மிர்னா வகை அப்படியல்ல. பிளாஸ்டோபேகா என்னும் சின்னஞ்சிறு குளவி, ஆண் அத்தியிலிருந்து மகரந்தத்தோடு உள்ளே நுழைந்தால்தான் காய் நிற்கும், இல்லாவிட்டால் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். கலிபோர்னியாவில் ஸ்மிர்னா அத்தியைத் தோப்பு தோப்பாக நட்டவர்கள் பல வருடம் வெறும் பிஞ்சு உதிர்வதையே பார்த்தார்கள். 1899-இல் குளவியைக் கொண்டுவந்து நிலைக்கச் செய்த பிறகுதான் அங்கே பழம் கிடைத்தது. சான் பெட்ரோ என்று மூன்றாவது வகையும் உண்டு. அதில் பழைய கிளையில் வரும் முதல் போகம் தானாகப் பழுக்கும், புதுக் கிளையில் வரும் இரண்டாம் போகத்துக்குக் குளவி வேண்டும். டெசர்ட் கிங் இந்த வகை.

ஆகவே யாராவது அரிய ரகம் என்று குச்சி கொடுத்தால், அது எந்த வகை என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். குளவி இல்லாத இடத்தில் ஸ்மிர்னா வகையை எவ்வளவு அருமையாக வளர்த்தாலும் பழம் பார்க்க முடியாது. தொட்டிக்கென்று பார்த்தால் நான் முதலில் சொல்வது வயலட் டி போர்டோ. இயல்பிலேயே குட்டையாக, நெருக்கமாக வளர்ந்து சின்ன வயதிலேயே காய்க்கும். மழை, பனி அதிகமுள்ள இடமென்றால் செலஸ்ட். அதன் பழத்தின் அடியிலுள்ள கண் இறுக மூடியிருப்பதால் தண்ணீரும் எறும்பும் உள்ளே போய்ப் புளிக்க வைப்பது குறைவு.

குச்சி வைப்பதில்தான் ஆசைப்பட்டவர்களில் நிறையப் பேர் மனம் விட்டுப் போகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இலையுதிர்ந்து செடி உறங்கும் காலத்தில் எடுத்த குச்சிதான் நல்லது. குளிர்காலமே இல்லாத இடமென்றால் கவாத்து செய்யும் (கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்) சமயத்தில், முற்றிப் பழுப்பேறிய பகுதியை எடுக்கலாம். பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணுவாவது இருக்க வேண்டும். பச்சையாக நெகிழும் நுனியில் சேமிப்பு குறைவு, சீக்கிரம் அழுகும். அடி வெட்டு கணுவை ஒட்டிக் கீழே நேராகவும், மேல் வெட்டு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் இருந்தால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி வேர்விடத் திணறும். வெட்டியதும் வெள்ளையாகப் பால் வடியும். அதைக் கழுவி, வெட்டு உலரும் வரை நிழலில் விடுவேன். உடனே நட முடியாவிட்டால் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த காகிதத்தில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. காகிதத்தில் கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை நனையக் கூடாது. நனைந்தால் பூஞ்சணம் நிச்சயம்.

நடும் கலவையில் உரம் எதுவும் வேண்டாம். அலசிய கொக்கோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்துகள்) சரிபாதி, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, குச்சியின் மேல் கணு மட்டும் வெளியே தெரியும்படி புதைப்பேன். கோப்பை ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வேர் வந்துவிட்டதா என்று குச்சியை ஆட்டிப் பார்க்காமல் வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வெப்பம் 21 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். நேர் வெயில் வேண்டாம். வேர்விட இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். ரகத்துக்கு ரகம் வேறுபடும். வேர் ஊக்கிப் பொடி தொட்டு வைத்தால் சற்று முன்னதாக வரும், ஆனால் அத்திக்கு அது இல்லாமலும் நடக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இலை வந்துவிட்டது என்றால் வேர் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. குச்சிக்குள் இருக்கும் மாவுச்சத்தை வைத்தே அத்தி இரண்டு மூன்று இலைகளை விரித்துவிடும். பார்ப்பவருக்குச் செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்ச்சி. தண்ணீரைக் கூட்டுவார், வெயிலில் வைப்பார். வேர் இல்லாத செடிக்கு அந்தத் தண்ணீரை உறிஞ்ச வழி இல்லை, கலவை சேறாகிறது, காற்று போகிறது, புதைந்திருக்கும் பட்டை கறுக்கிறது. சில நாளில் இலை தொங்கும். தொங்குவதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அத்திக் குச்சிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். இலை வந்த பிறகு, கோப்பையின் சுவரில் வெள்ளை வேர் வந்து முட்டும் வரை தண்ணீரில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, எடை நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் விளிம்பில் கொஞ்சம் விடலாம். அந்தச் சமயத்தில் இலை வாடாமல் இருக்கச் சுற்றிலும் ஈரக்காற்று வேண்டும். கோப்பையை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தினமும் ஒருமுறை திறந்து மூடினால் போதும். குட்டிக் கறுப்பு ஈக்கள் கலவை மேல் பறக்க ஆரம்பித்தால் அது அதிக ஈரத்துக்கான அடையாளம். அவற்றின் புழுக்கள் இளம்வேரைத் தின்னும். மேற்பரப்பைக் காயவிடுவதே நல்ல மருந்து.

வேர் முதலில் பால்வெள்ளையாக, கண்ணாடி போல எளிதில் உடைவதாக இருக்கும். அப்போது மாற்றி நட்டால் ஒடிந்துவிடும். கோப்பைச் சுவரில் அது கிளைத்து, லேசாகப் பழுப்பேறி, மண்ணைக் கட்டிப் பிடித்த பிறகுதான் நான் நாலு லிட்டர் தொட்டிக்கு மாற்றுவேன். மாற்றிய பிறகும் ஈரப் பெட்டியிலிருந்து நேராக வெயிலுக்குப் போகக் கூடாது. மூடியை முதலில் கொஞ்சம் திறந்து, பிறகு முழுக்க எடுத்து, பிறகு நிழல், பிறகு காலை வெயில் என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தொட்டியின் உள்ளே. தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டோ பரப்பினால் நன்றாக வடியும் என்று காலம்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது தலைகீழான யோசனை. தண்ணீர் ஊற்றி வடிந்து முடிந்த பிறகும் மண்கலவையின் அடிப்பகுதியில் ஒரு பட்டை முழு ஈரத்தில் நின்றுகொண்டே இருக்கும். மண்துகள் எவ்வளவு பொடியோ அந்தப் பட்டை அவ்வளவு உயரம். தொட்டி எவ்வளவு உயரமானாலும் அது மாறாது. ஜல்லி போட்டால் பட்டை ஜல்லிக்குள் இறங்காது, ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த நல்ல இடம்தான் குறைகிறது. நனைத்த ஸ்பாஞ்சைத் தட்டையாகப் பிடித்து, சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிமிர்த்திப் பாருங்கள், மறுபடி சொட்டும். தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீர் விட்ட பிறகு தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் இன்னும் கொஞ்சம் வடிவதை நீங்களே பார்க்கலாம். மழைநாட்களில் நான் சிறு தொட்டிகளை ஒரு செங்கல் துண்டின் மேல் சாய்த்து வைப்பது இதற்காகத்தான்.

ஆகவே அடியில் எதையும் நிரப்பாமல், கலவை முழுவதையும் சொரசொரப்பாக்குவதே வழி. தேங்காய் மட்டைத் துண்டு அல்லது மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் (நுரைக்கல்) ஒரு பங்கு, கொக்கோபீட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் அரைப் பங்கு. பொடியைச் சல்லடையில் சலித்து எடுத்துவிடுவேன். தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போடுவதில்லை. நிலத்தில் அந்த மண்ணுக்குக் கீழே இன்னும் பல அடி மண் இருந்து தண்ணீரை இழுக்கிறது, மண்புழு துளை போடுகிறது. தொட்டியில் அது இரண்டும் இல்லாமல் இறுகிக் களிமண் கட்டியாகிவிடும். கொக்கோபீட்டில் சோடிய, பொட்டாசிய உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

துணிப்பைத் தொட்டிகளில் வேர் நுனி பக்கவாட்டுக் காற்றைத் தொட்டதும் நின்று, உள்ளே கிளை பிரியும். சுற்றிச் சுற்றி ஓடாது. வேருக்கு அது அருமையான இடம். ஆனால் வெயில் காலத்தில் மிக விரைவில் காய்ந்துவிடும், அன்றாடம் கவனிக்க முடியாதவருக்கு ஒத்துவராது. பிளாஸ்டிக் தொட்டியென்றால் கறுப்பு நிறத்தைத் தவிர்ப்பேன். பிற்பகல் வெயில் நேராக விழும் கறுப்புத் தொட்டியின் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துவிடும். ஏற்கெனவே கறுப்புத் தொட்டிதான் இருக்கிறது என்றால், அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தால் இடையிலுள்ள காற்று சூட்டைத் தடுக்கும். அளவைப் பொறுத்தவரை நாலு லிட்டரிலிருந்து நேராக அறுபது லிட்டருக்குத் தாவ வேண்டாம். வேர் எட்டாத இடத்திலெல்லாம் ஈரம் தேங்கிப் புளிக்கும். நாலு, பிறகு இருபது, பிறகு நாற்பது அறுபது என்று போவதுதான் நல்லது.

தண்ணீர் எப்போது என்பதை விரலை விடத் தொட்டியின் எடை நன்றாகச் சொல்லும். ஊற்றினால் அடித்துளை வழியே கொஞ்சம் வெளியேறும் வரை ஊற்ற வேண்டும், அப்போதுதான் உரத்தின் உப்பு தங்காது. மண் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஒருநாள் நன்றாக வெள்ளம்விட்டு அலசிவிடுங்கள். அத்தி இலை பெரியது, உச்சி வெயிலில் தொங்கத்தான் செய்யும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது நஞ்சு ஊற்றுவது மாதிரி.

காய்ப்புக்குத் தழைச்சத்தைக் கூட்டாதீர்கள். இலை யானைக்காது அளவுக்கு வரும், காய் வராது. சீராகக் கரையும் உரம் கொஞ்சம் கொஞ்சமாக, கூடவே சுண்ணாம்புச்சத்து. புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் இலைக்கக்கத்தில் காய் தெரிய ஆரம்பிக்கும். முக்கியப் போகம் அந்த வருடக் கிளையில்தான் வருகிறது என்பதால், உறக்கக் காலத்தில் கடுமையாகக் கவாத்து செய்தாலும் அது போய்விடாது. பழைய கிளையில் வரும் முன்போகம் மட்டும்தான் போகும்.

அத்திக் காய் வளரும் விதம் புதிதாக வளர்ப்பவர்களைப் பதற வைக்கும். பட்டாணி அளவில் தெரிந்து கிடுகிடுவென்று ஒரு அளவுக்கு வரும். பிறகு வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். பச்சையாக, கல் மாதிரி, அளவு மாறாமல். செடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இந்தக் கட்டத்தில்தான் பலரும் உரத்தைக் கொட்டுகிறார்கள். உள்ளே விதைப்பகுதி முற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் நிறம் மாறியிருக்கும், அடுத்த சில நாட்களில் அளவு பெருகி, காம்பு தளர்ந்து, பழம் தலையைத் தொங்கப்போடும். தோலில் மெல்லிய வெடிப்புக் கோடுகள், அடிக்கண்ணில் ஒரு சொட்டுத் தேன். அப்போதுதான் பறிக்க வேண்டும். அத்தி முன்கூட்டிப் பறித்தால் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. காம்பு இன்னும் நிமிர்ந்து நின்று, பறித்த இடத்தில் பால் வடிந்தால் அது பழம் இல்லை. கடைசிக் கட்டத்தில் தண்ணீரை ஏற்றி இறக்கினால் பழம் வெடிக்கும், சீராக வைத்திருங்கள்.

நின்றுபோன காயைச் சற்று முந்திப் பழுக்க வைக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தேங்கிய கட்டத்தின் இறுதியில், அடிக்கண் லேசாகச் சிவக்கும் சமயத்தில், ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெயை அந்தக் கண்ணில் வைப்பது. காய்க்குள் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு தூண்டப்பட்டு, தொடாத காயைவிட முன்னதாகவே பழுத்துவிடும். சீக்கிரமே செய்தால் காய் வெறுமனே உதிரும். குளிர் நெருங்கும் இடங்களில் கடைசிக் காய்களைக் காப்பாற்ற இது உதவும். மற்றபடி அவசரமில்லாதபோது நான் இதைச் செய்வதில்லை. தானாகப் பழுத்ததன் சுவை எனக்கு உசத்தி.

தொட்டி அத்தியின் ஆயுளை நீட்டுவது வேர்க் கவாத்து. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, உறக்கக் காலத்தில். ஊற்றிய தண்ணீர் அரைமணி நேரமாகியும் இறங்காமல் மண்ணின் மேல் தேங்குவதும், ஊற்றிய மறுநாளே செடி வாடுவதும் நேரம் வந்துவிட்டதற்கான அறிகுறி. தொட்டியைப் படுக்க வைத்து, சுவரை ஒட்டிப் பழைய ரம்பத்தைச் சுற்றிவிட்டு இழுத்தால் மொத்தமாக வரும். வெளிச்சுற்றில் பாய் முடைந்த மாதிரி வேர், அடியில் ஒரு வட்டத் தகடு. ரம்பத்தால் அடித்தகட்டை இரண்டு மூன்று விரல்கடை அறுத்தெடுத்து, பக்கத்திலும் அதே அளவு செதுக்குவேன். சுற்றி ஓடும் தடித்த வேர்களைக் கண்டிப்பாக வெட்ட வேண்டும். குச்சியால் உள்மண்ணைக் கிளறி உதிர்த்து, அதே தொட்டியில் புதுக் கலவையோடு திரும்ப வைத்து, மேலே கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுவேன். முதல்முறை இதைச் செய்பவருக்குக் கை நடுங்கும். அத்திக்கு நடுங்காது. வசந்தத்தில் அது தளிர்விடும் வேகத்தைப் பார்த்தால் இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தோம் என்று தோன்றும்.

கடுங்குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்தில் வேரை மண் காக்கிறது, தொட்டியில் நாலு பக்கமும் குளிர்காற்று. இலை கொட்டிய பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் இருட்டு அறையில் வைத்துவிடலாம். இலையே இல்லாத செடிக்கு வெளிச்சம் வேண்டாம். மண் முழுக்கக் காயாத அளவுக்கு எப்போதாவது தண்ணீர் போதும்.

குச்சியில் மசியாத மரங்களுக்குப் பதியம். கிளையைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்து, பிளாஸ்டிக்கால் சுற்றி இரண்டு பக்கமும் கட்டுவது. பட்டையோடு போகும் சர்க்கரையும் வேர் தூண்டும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியும் வளையத்துக்கு மேலே தேங்குகின்றன. உள்கட்டை வழியே தண்ணீர் மட்டும் வழக்கம்போல் மேலே ஏறுகிறது. அதனால் கிளை வாடாமலே வேர் விடுகிறது. வளையத்தின் வழவழப்பான பச்சைப் படலத்தைச் சுரண்டி எடுக்காவிட்டால் பட்டை திரும்ப ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. கொய்யா, மாதுளை, லிச்சி, பார்படோஸ் செர்ரி எல்லாம் இப்படித்தான் நான் பெருக்குகிறேன். அத்தியிலும் செய்யலாம், ஒரு பருவத்திலேயே காய்க்கும் கன்று கிடைக்கும். லிச்சியின் பதிய வேர் மிக எளிதில் ஒடியும். பிரித்த பிறகு பாசியை உதறாமல் அப்படியே நடுங்கள்.

மற்ற அரிய மரங்களிடம் அத்திப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் ஏமாற்றம்தான். பிரேசில் நாட்டு ஜபோதிகாபா அதற்கு நல்ல உதாரணம். தண்டிலேயே கருந்திராட்சை மாதிரி காய்க்கும் மரம். அதன் வேர் மெல்லியது, மேலோட்டமானது, ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் நுனிக்கிளைகள் கருகும். அத்தி மன்னிக்கும் வறட்சியை இது மன்னிக்காது. சற்று அமிலத்தன்மையுள்ள கலவை வேண்டும். கடினத் தண்ணீரையே ஊற்றிவந்தால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக மாறும். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது பெரிய வித்தியாசம் செய்யும். சபரா என்னும் ரகம் விதையிலிருந்து காய்க்க எட்டுப் பத்து வருடம் கூட ஆகும், சிவப்புக் கலப்பின வகை அதைவிட வெகு சீக்கிரம் காய்க்கும். பொறுமை குறைவென்றால் சிவப்பு.

மேற்கு ஆப்பிரிக்காவின் மிராக்கிள் பழச்செடியும் அமில மண்ணை விரும்புவது. அந்தப் பழத்திலுள்ள மிராகுலின் என்ற புரதம் நாக்கில் படிந்திருக்கும் வரை புளிப்பெல்லாம் இனிக்கும். அதன் விதை உலர்ந்தால் செத்துவிடும், பழத்தைச் சாப்பிட்ட கையோடு நட வேண்டும். மா, பலா, லிச்சி, ரம்புட்டான், மங்குஸ்தான் விதைகளும் அப்படியே. தபாலில் உலர்ந்து வரும் இந்த விதைகளுக்குப் பணம் கொடுப்பது வீண். மங்குஸ்தானைத் தொட்டியில் வைக்க ஆசைப்படுபவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். பக்கவேர் குறைவான, ஆணிவேரை நம்பி வாழும் மரம் அது, காய்க்கவும் பல வருடம். அந்த இடத்தில் டிராகன் பழம் வைக்கலாம். தண்டை வெட்டி, காயம் ஆறும் வரை சில நாள் நிழலில் போட்டு நட்டால் போதும். சிவப்புச் சதை வகைகளில் பலவற்றுக்கு வேறொரு ரகத்தின் மகரந்தம் தேவை. பூ இரவில் விரிந்து காலையில் வாடிவிடும் என்பதால் தூரிகையோடு இரவில் விழித்திருக்கத்தான் வேண்டும். சீத்தாப்பழக் குடும்பத்துக்கும் தூரிகை உதவும். ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருக்கும். ஆண் நிலைப் பூவின் மகரந்தத்தை எடுத்து, அப்போதுதான் விரியத் தொடங்கும் பூவில் தடவினால் வடிவான முழுப் பழம் கிடைக்கும்.

அத்தியைக் கையாளும்போது கையுறை போடுங்கள். பாலில் உள்ள சொராலன் என்னும் வேதிப்பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயில் பட்டால் கொப்புளம் வந்து மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். கவாத்தை மாலையில் வைத்துக்கொள்வது இதனால்தான். இலையின் அடியில் துரு மாதிரி பழுப்புப் பொடி தெரிந்தால் துரு நோய். விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, மாலையில் இலை நனையாமல் பார்த்துக்கொண்டால் பெருமளவு அடங்கும். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையை வேறு தொட்டிக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதே செடியின் மேல்கிளையிலிருந்து குச்சி எடுத்துப் புதுக் கலவையில் வேர்விட வைத்தால் நூற்புழு இல்லாத கன்று கிடைக்கும்.

மொசைக் வைரஸ் அப்படியல்ல, அது குச்சியோடேயே வரும். இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டு, கோணலான மடல். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனும் அதைப் பரப்பும். மருந்து கிடையாது. நன்றாகப் போஷாக்கு கொடுத்தால் பல செடிகள் அதை மீறி வளர்ந்து காய்க்கின்றன, சில ரகங்கள் நலிந்தே போகும். புதிதாக வந்த குச்சியை ஒரு பருவமாவது மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து இலையைப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்ப்பேன்.

வெளிநாடு போய்வருபவர்கள் பையில் குச்சி கொண்டுவருவதாகச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடிப்பொருளை எல்லை தாண்டிக் கொண்டுவர அநேகமாக எல்லா நாடுகளிலும் தடை உண்டு, அது சரியான தடை. சிட்ரஸ் மரங்களைச் சாய்க்கும் பச்சையாகும் நோய் பெருமளவு பரவியது இப்படி நகர்ந்த செடிகளாலும் அவற்றோடு வந்த பூச்சியாலும்தான். உள்ளூரிலேயே கைமாற்றிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

கைமாற்றும்போது குச்சியில் பெயரை எழுதிக் கட்டுங்கள். காகிதச் சீட்டு மழையில் கரையும், மை வெயிலில் வெளுக்கும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதியது நிற்கும். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், கேள்விப்பட்ட பெயரை எழுதாமல், யாரிடமிருந்து எந்த வருடம் வந்தது என்று மட்டும் எழுதிவிடலாம். தாய்ச்செடியின் இலையில் மொசைக் இருந்ததா, வேரில் முடிச்சு இருந்ததா, மகரந்தம் இல்லாமல் பழுத்ததா, இந்த மூன்றையும் வாங்குபவர் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.